காரணம் என்ற கட்டம்

குன்னூர் அரசு மருத்துவமனையில்
எக்ஸ்ரே அறையைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
என் அறை.
பலகையில் நம்பிக்கை மையம் என்றிருக்கும்.
அதைப் படிக்காதது போலத்தான் எல்லோரும் நுழைவார்கள்.

யோகராசன் வந்தது அடைமழையில்.
பச்சைத் தேயிலை லாரி ஓட்டுகிறவர்,
சட்டையெல்லாம் கொழுந்து வாடை.
கதவைச் சாத்தினார், திறந்து வெளியே பார்த்தார்,
மறுபடி சாத்தினார்.

"மேடம், இங்க சுன்னத்து செய்வாங்களா?"

அதற்கு என்னிடம் வேறு பெயர்களும் இருந்தன.
பதிவேட்டில் ஒரு ஆங்கிலச் சொல்,
கான்வென்ட்டில் சிஸ்டர் வேகமாகத் தாண்டிப்போன விருத்தசேதனம்,
எங்கள் தெருவில் மார்க்கக் கல்யாணம்:
மாலை போட்டுக் குதிரையில் ஏற்றிய பையன்
எதற்கென்று தெரியாமல்
எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே போனான்.
முப்பத்தாறு வயது டிரைவருக்கு
இதில் எதுவும் அளவாக இல்லை.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்:
"சாமியெல்லாம் பழைய சாமிதான் மேடம்.
புஷ்பலீலாவுக்காக."

தெரியும். அந்தப் பெயரை எழுதியது என் கைதான்.
முதல் கணவன் செத்தபோது அவளுக்கு விட்டுப்போனது
ஒரு தையல் மெஷின்,
பிறகு ரத்தத்தில் தெரிந்த இன்னொன்று.
எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான்
இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள்.
மாத்திரை தொடங்கி நாலு மாதம்.
இவருக்கு மூன்று முறை பார்த்தாயிற்று,
மூன்று முறையும் இல்லை.

சொன்னேன்:
ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆண்களை வைத்துப் பார்த்தார்கள்.
அறுத்துக்கொண்டவர்களுக்குப் பெண்ணிடமிருந்து தொற்றுவது
நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தது.
மீதி நாற்பது அப்படியே நிற்கிறது.
உகாண்டா, தென்னாப்பிரிக்கா, கென்யா.

"கென்யாவா?" நிமிர்ந்தார்.
"ஏலத்துல நம்ம தூள் விலைய அடிச்சுத் தள்ளுற கென்யாவா?"
அதே கென்யாதான்.
"சரி, ஒரு நல்லதாவது செஞ்சானே."

உறை போதும் என்றேன்.
அவள் மாத்திரை தவறாமல் போட்டு,
ரத்தத்தில் கிருமி அளவுக்குத் தட்டாமல் போய்,
அப்படியே நீடித்தால்
உறவில் பரவாது, கத்தியே வேண்டாம் என்றேன்.
டிராயரிலிருந்து மரத்தால் செய்த மாதிரியை எடுத்தேன்.
பதினொரு வருடமாக உறை மாட்டிக் காட்டி
மெருகு போன மரம்.
அதற்கு முன்தோல் இல்லை.
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை.

"ராத்திரி ஒம்பதுக்கு அலாரம் அடிக்கும் மேடம்.
எந்திரிச்சுப் போவா. தண்ணி மொள்ளுற சத்தம் கேக்கும்,
தொண்டையில எறங்குற சத்தம்கூடக் கேக்கும்.
அது எனக்கும் சேத்துத்தானே முழுங்குறா?
நான் கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டு
சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடக்கணுமா?"

கையேட்டைப் புரட்டினேன், சும்மா,
கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

வியாழக்கிழமை சர்ஜன் தாளை நிரப்பினார்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தோல் இறுக்கமா? இல்லை சார்.
எரிச்சல், புண்? இல்லை சார்.
இந்த ஊரில் இதற்கென்று ஒரு திட்டம் இல்லை,
திட்டம் இல்லாததற்கு எழுத வார்த்தையும் இல்லை.
என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.
'நோயாளியின் விருப்பம்' என்று எழுதினார்.
நோயாளியே இல்லாத ஒருவரின் விருப்பம்.

ஆறு வாரம் சேரக் கூடாது,
ஆறிய பிறகும் உறையை விடக் கூடாது
என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.
அவர் இரண்டு முறையும் தலையாட்டினார்,
ஆனாலும் பெட்டி நிறைய உறை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்க வந்தபோது லுங்கி.
லாரியை வேறொருவர் ஓட்டுகிறாராம்.
கிளட்ச்சை நினைத்தாலே வலிக்கிறதாம்,
கொண்டை ஊசி வளைவைப் பற்றிக் கேட்கவே வேண்டாமாம்.
புஷ்பலீலா வெளியே குடையை உதறிக்கொண்டு நின்றாள்.

"வலி மாத்திரையும் ராத்திரி ஒம்பதுக்குத்தான் மேடம்.
ஒரே சொம்புத் தண்ணி. ரெண்டு பேரும் முழுங்குறோம்."

அவருடையது ஐந்து நாளைக்குத்தான்.
அதை நான் சொல்லவில்லை.